வெளுத்துப்போன மான்கொம்பு

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் உள்ள பழைய கல்வீடுகளின் விறாந்தையிலே ஒரு சோடி மான்கொம்பாயினும் மரைக்கொம்பாயினும் தொங்குவதை நேயர்கள் கண்டிருப்பர். அவ்வீட்டுக்குரியவர் வேட்டைக்காரராய் இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. கொம்பு ஒன்று சுவரில் இருப்பது வீட்டுக்கு ஒரு களை என்று எண்ணிய காலம் அது. பாட்டனாரின் தலைப்பாகையும், மழைக்காலத்துக் குடையும், பள்ளிக்கூடத்துப் பையும் அக்கொம்பிலேதான் தொங்கின. மலைநாட்டிலோ இவ்வழக்கம் வேறொரு கோலம் பூண்டது. தோட்டத் துரைமாரின் பங்களாக்களிலும், 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நுவரெலியா ஹில் கிளப் போன்ற இடங்களிலும் அவை வேட்டை வெற்றியின் சின்னங்களாகச் சுவரேறின. 1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், வேட்டைநாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கொன்றதைப் பெருமையோடு ஒரு நூலாகவே எழுதி வைத்தார். மரையை அவர் 'எல்க்' என்று அழைத்தார். எல்க் என்பது குளிர்நாட்டு விலங்கு. நமது மரைக்கும் அதற்கும் நெருங்கிய உறவில்லை. ஆயினும் துரைமார் இட்ட பெயர் தோட்டப்புறங்களில் எளிதில் மறையவில்லை.

இப்பழைய கொம்புகளுக்கு இன்று நேர்ந்துள்ள குறை ஒன்றுண்டு. அவை வெளுத்துவிட்டன. கருங்காலி மரம்போலவும் காய்ச்சிய பனங்கட்டிபோலவும் ஒருகால் ஒளிர்ந்தவை, கடற்கரையிற் கிடக்கும் எலும்புபோல வெள்ளையாய், தொட்டால் விரலில் மா ஒட்டுமாறு ஆகியுள்ளன. அவற்றை முன்போல ஆக்க வழியுண்டா என்று கேட்போர் பலர். வழியுண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன், கொம்புக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நன்று. வந்த வழி தெரிந்தால் போன வழியும், மீட்கும் வழியும் தாமே விளங்கும்.

தமிழில் மாட்டுக்கு இருப்பதையும் கொம்பு என்கிறோம். மானுக்கு இருப்பதையும் கொம்பு என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. மாட்டுக்கொம்பு நமது நகத்தின் இனத்தது. உள்ளே எலும்புத் தண்டும் வெளியே உறையுமாக விலங்கின் வாழ்நாள் முழுவதும் வளர்வது. மான்கொம்போ முற்றிலும் எலும்பு. அது கிளைவிட்டு வளர்ந்து, முதிர்ந்து, உதிர்ந்துவிடும். மறுபடி புதிது முளைக்கும். புள்ளிமானுக்கும் மரைக்கும் பொதுவாகக் கொம்பொன்றுக்கு மூன்று முனைகள் இருக்கும். பிணைகளுக்குக் கொம்பில்லை. காட்டிலே நமது காலடியிற் சிக்கி ஓடும் சருகுமானுக்கு ஆணாயினும் கொம்பில்லை.

வளரும் பருவத்தில் கொம்பின்மேல் மென்மயிர் அடர்ந்த தோல் ஒன்று போர்த்திருக்கும். தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் இருக்கும் அத்தோலினூடே குருதி ஓடிக் கொம்பை வளர்க்கிறது. பாலூட்டி இனங்களின் உறுப்புகளுள் இத்துணை விரைவாக வளர்வது வேறொன்றைக் காண்பது அரிது. வளர்ச்சி முடிந்ததும் குருதியோட்டம் நின்று, தோல் உலர்ந்து கிழியும். அப்போது கலைமான் மரங்களிலும் புதர்களிலும் தன் கொம்பை ஓயாது உராய்ந்து அத்தோலை உரித்தெறியும். மரைகள் உலவும் ஹோட்டன் சமவெளி போன்ற இடங்களில், பட்டை உரிந்து காயப்பட்ட இளமரங்களைக் கண்டால், அது அவ்விலங்கு செய்த வேலையாக இருத்தல் கூடும்.

இங்கேதான் நிறம் பிறக்கிறது. தோலுரிந்த புதுக்கொம்பு ஏறத்தாழ வெண்மையானது. ஆங்காங்கே குருதி படிந்திருக்கும். மரப்பட்டையின் துவர்ச்சாறும் பாலும் பிசினும், சேற்றுக்குளியலின் மண்ணும், உலர்ந்த குருதியும் எலும்பின் நுண்துளைகளில் ஏறிக் காற்றுப்பட்டுக் கறுத்துப்போகின்றன. ஆகவே அந்தக் கபிலநிறம் கொம்போடு பிறந்ததன்று, காடு பூசியது. பூசியது மேற்பரப்போடு நின்றுவிடும். ஒரு கொம்பை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெண்மையே காணப்படும். பள்ளங்களில் நிறம் தங்கிக் கறுப்பாகவும், மேடுகளில் தேய்ந்து வெளிறியும், முனைகளில் ஓயாத உராய்வால் தந்தம்போல் மெருகேறியும் இருப்பது இதனாலேதான். இதை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னர் தூரிகையைக் கையில் எடுக்கும்போது இதுவே வழிகாட்டி.

வெளுப்பது எங்ஙனம்? முதற் பகைவன் வெயில். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்கள் துவர்ச்சாற்றின் நிறத்தைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிச் செல்கிறது. நிறம் முழுவதும் போனபின்னும் வெயில் விடுவதில்லை. கொம்பின் உடல் கல்சியம் பொசுபேற்றாலும் கொலாஜன் என்னும் புரதத்தாலும் ஆனது. அப்புரதமும் வெயிலில் நைந்துபோகும்போது மேற்பரப்பு சுண்ணாம்புபோல் உதிர்கிறது, நீளவாட்டில் வெடிப்புகள் தோன்றுகின்றன. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பு இவ்வாறே மண்ணாகிறது. முள்ளம்பன்றியும் எலியினங்களும் கல்சியத்துக்காக அதைக் கொறித்துவிடுவதும் உண்டு. வீட்டிலிருக்கும் கொம்புக்கோ மனிதரே செய்யும் கேடும் சேர்கிறது. அழுக்குப் போக்க வெளுக்கும் தூளைக் கரைத்துக் கழுவுவோர் உளர். குளோரீன் கலந்த அத்தகைய நீர் நிறத்தை மட்டுமன்றிப் புரதத்தையும் அரிக்கும். கொம்போடு சேர்ந்த மண்டையோட்டை வெண்மையாக்க எண்ணி ஐதரசன் பரவொட்சைட்டைப் பூசும்போது, அது கொம்பின் அடியிலும் வழிந்து அங்கே வெள்ளை வளையம் விழுவதையும் கண்டிருக்கிறோம்.

வன்னியிலே நாம் கண்ட ஒரு சோடி மரைக்கொம்பைப் பற்றி இவ்விடத்திற் சொல்லவேண்டும். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்குடும்பத்தார் கையிற் கிடைத்ததோடு வீட்டைவிட்டுக் கிழக்கே நடந்தவர்கள். முகாம் வாழ்வு முடிந்து 2010இல் மீண்டபோது வீட்டிற்குக் கூரையில்லை, கதவில்லை, யன்னலில்லை. நான்கு சுவர்கள் நின்றன. அவற்றுள் ஒன்றிலே, போகும்போது இருந்த ஆணியிலேயே, கொம்பு இருந்தது. எடுத்துச் செல்லத் தக்கதெனக் கள்வருக்கும் அது தோன்றவில்லை போலும். வானத்தைப் பார்த்த பக்கம் சுண்ணாம்பு. சுவரைப் பார்த்த பக்கம் மட்டும் பழைய கபிலநிறம் அழியாதிருந்தது. ஒரே கொம்பு, முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றாகவும் பின்னாலிருந்து பார்த்தால் வேறொன்றாகவும் காணப்பட்டது.

பல ஆண்டுகளின் பின் புதுக்கூரையின்கீழ் நாம் அதைக் கண்ட நாளில், அதன் பொருட்டு அவ்வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பேரன், கொம்பை இப்படியே விடவேண்டும் என்றான். நடந்ததற்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் சாட்சி இஃதொன்றே. இதற்குச் சாயம் பூசினால் அந்த ஆண்டுகளையே பூசி மறைப்பது போலாகும் என்பது அவன் கட்சி. படித்த பிள்ளை, சொன்னதில் நியாயம் இருந்தது. நாமும் ஏறத்தாழ அவன் பக்கமே சாய்ந்தோம். ஆச்சி உடன்படவில்லை.

"நடந்ததை நினைக்கிறதுக்கு எனக்குக் கொம்பு வேணுமே, தம்பி? உன்ரை அப்பப்பா ஒவ்வொரு தைக்கும் இதைக் கழற்றித் தேங்காயெண்ணெய் பூசித் துடைச்சு மாட்டுவார். அவர் இருந்தால் இப்பிடி விட்டிருப்பாரே?"

பேரன் மறுமொழி சொல்லவில்லை. ஆச்சி நம்மை நோக்கி, "பழைய நிறம் வருமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். வரும் என்றோம். இழந்தவற்றுள் திருப்பிக் கொண்டுவரக் கூடியது ஒன்றேனும் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிதாயிருந்தது. இளையவர் அதைச் சின்னமாகப் பார்த்தார்; மூத்தவருக்கு அது வீட்டுப் பொருள். வீட்டுப் பொருளாக ஆண்டவருக்கே அதில் முதலுரிமை என்பது நமது எண்ணம்.

அவ்வேலையிற் செய்த முறையையே இங்கு எழுதுகிறோம். முதலில் கழுவுதல். மெல்லிய பற்தூரிகையும், இளஞ்சூட்டு நீரில் கரைத்த சிறிது சவர்க்காரமும் போதும். கொதிநீர் கூடாது, ஊறவைத்தலும் கூடாது. எலும்பு நீரை உறிஞ்சிப் பருத்துப் பின் உலரும்போது வெடிக்கும். கழுவியபின் நிழலிலே மூன்று நான்கு நாட்கள் உலரவிட வேண்டும். உலர்ந்த கொம்பை நன்றாகத் தடவிப் பார்க்க. விரலில் மா ஒட்டாவிடின் சாயத்துக்கு ஏற்றது. ஒட்டினால் மேற்பரப்பு நைந்துவிட்டது என்பது பொருள். சிறிதளவாயின் மிக மெல்லிய அரத்தாளால் அந்த மாவை மட்டும் நீக்கலாம். அப்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். எலும்புத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சாயங்களுள் கொம்புக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது கொண்டீஸ். கிணற்று நீரைச் சுத்தமாக்கவும் புண் கழுவவும் நம் வீடுகளில் வைத்திருந்த அதே ஊதாநிறப் பளிங்குதான். பாடநூல்கள் பொற்றாசியம் பரமங்கனேற்று என்பன. மிருகத் தலைகளைப் பாடம் செய்வோரும், மரைக்கொம்பிற் கத்திப்பிடி அமைப்போரும் இதையே நாடினர். இதன் அழகு என்னவெனில், இது வெறும் பூச்சன்று. கொம்பிலுள்ள புரதத்தோடு தாக்கமுற்று, ஊதா மறைந்து, மங்கனீசு ஈரொட்சைட்டு என்னும் கபிலப்பொருளாகத் துளைகளுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. ஆகவே கழுவினால் போகாது. மரச்சாயம்போல் மேலே பளபளத்துப் பொய்யாகத் தோன்றுவதும் இல்லை.

ஒரு லீற்றர் நீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி கொண்டீஸ் போட்டுக் கரைப்பது தொடக்கத்துக்குப் போதும். கண்ணாடிப் போத்தலோ பிளாத்திக்குப் பாத்திரமோ கொள்க. ஆச்சியின் நல்ல பாத்திரத்தைக் கெடுக்கவேண்டாம். கையுறை கட்டாயம். இல்லையேல் கொம்புக்கு முன்னே விரல்கள் மரைநிறமாகி ஒரு கிழமைக்கு அப்படியே இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். முதற் சொட்டைக் கொம்பின் பின்புறத்தே, எவர் கண்ணும் படாத ஓரிடத்தில் வைத்துப் பார்க்க. வெளுத்த கொம்பு பசித்த கொம்பு. நல்ல கொம்பைவிடப் பன்மடங்கு விரைவாக உறிஞ்சும். சில நிமிடங்களில் ஊதா கபிலமாக மாறுவது தெரியும். ஆனால் ஈரத்திற் கண்ட நிறம் நிறமன்று. உலர்ந்தபின் அது எப்போதும் வெளிறும். எனவே பொறுத்திருந்து, உலரவிட்டு, மறுநாள் பகல் வெளிச்சத்திற் பார்த்தே அடுத்த பூச்சைத் தீர்மானிக்க வேண்டும். கடுங்கரைசலால் ஒரே முறையிற் கறுப்பாக்க முயல்வோர் கொம்பைக் கரிக்கட்டையாக்கிவிடுவர். மெல்லிய கரைசலால் மூன்று நான்கு முறை பூசுவதே முறை.

பூசும் ஒழுங்கும் உண்டு. கொம்பின் அடியிலே மணிமுடிபோல் கரடுமுரடான வளையம் இருக்கும். அதிலிருந்து தொடங்கி மேலே செல்க. அடி கறுப்பாகவும் மேலே செல்லச் செல்ல வெளிறியும் இருப்பதே இயற்கை. பள்ளங்களிற் கரைசலைத் தங்கவிட்டு, மேடுகளை உடனே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முனைகளைத் தொடவே வேண்டாம். கடையில் விற்கும் புதுக்கொம்புகளில் முனைமுதல் அடிவரை ஒரே நிறமாகப் பூசியிருப்பதைக் கண்டால், அது காட்டைக் காணாத கை செய்த வேலை என்று அறியலாம். எல்லாம் உலர்ந்தபின் மிக நுண்ணிய உருக்கு நாரால் மேடுகளை மெல்ல உரசினால், மரத்தில் உராய்ந்த தோற்றம் வந்துவிடும். நிறம் மிகுந்துபோன இடத்தில் தேசிக்காய்ச் சாற்றைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் கபிலம் கரைந்து வெளிறும். பின்னர் அவ்விடத்தை நீரால் துடைத்துவிடுக. விரற்கறைக்கும் அதுவே மருந்து.

வன்னிக் கொம்பில் நமக்கு ஒரு வசதி இருந்தது. சுவர்ப் பக்கத்தில் எஞ்சியிருந்த பழைய நிறமே மாதிரியாயிற்று. வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வீட்டு மருமகன் தச்சுவேலை தெரிந்தவர். அவர் பிடிக்க நாம் பூசினோம். இரண்டாம் பூச்சு உலர்ந்ததும் பின்புறமும் முன்புறமும் ஒத்துவிட்டன என்று நாமிருவரும் மகிழ்ந்திருக்க, ஆச்சி வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இல்லை, இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்றார். மாதிரியைக் காட்டினோம். "அது சுவரோடை கிடந்த பக்கமல்லோ. முன்பக்கம் எண்ணெய் குடிச்சுக் குடிச்சுக் கறுத்தது" என்றார். மூன்றாவது பூச்சும் நடந்தது.

அக்கொம்பில் ஓரிடத்தை மட்டும் ஆச்சியே தொடவேண்டாம் என்றார். இடப்பக்கத்துக் கீழ்முனை கூராயில்லாமல் சாய்வாகத் தேய்ந்து மழுங்கியிருந்தது. மான்கொம்பைச் சந்தனக்கல்லிலே உரைத்து நோவுக்கும் கட்டிக்கும் பூசுவது நம் வீடுகளின் பழைய கைமருந்து. சித்த மருத்துவத்திலும் மான்கொம்பிலிருந்து பற்பம் செய்வதுண்டு. எந்தப் பிள்ளையின் எந்த நோவுக்காக அம்முனை எத்தனை முறை கல்லில் ஏறியிறங்கியதோ, அந்தத் தேய்வு அக்குடும்பத்தின் ஏடு. வீட்டிலுள்ள கொம்பைப் புதுப்பிப்போர் முதலில் இத்தகைய தேய்வு உண்டா என்று பார்த்துக்கொள்வார்களாக. அதை அரத்தாளால் மழித்துவிடுவது, பழைய உறுதியில் உள்ள கையெழுத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். இன்னொன்றும் சொல்லவேண்டும். கொண்டீஸோ வேறு சாயமோ பூசிய கொம்பை அதன்பின் ஒருபோதும் மருந்துக்கு உரைக்கலாகாது. நாய்க்குக் கடிக்கக் கொடுப்பதும் ஆகாது.

கொண்டீஸ் பற்றி எச்சரிக்கை சில. அது வலிய ஒட்சியேற்றி. கிளிசரீன் பட்டால் சிறிது நேரத்திலே தானாகத் தீப்பற்றும். சாராயவகை, எண்ணெய், செறிந்த அமிலம் ஆகியவற்றின் அருகே அதன் பளிங்குகளை வைக்கலாகாது. விழுங்கினால் நஞ்சு, பிள்ளைகள் எட்டாத உயரத்திற் பூட்டி வைக்க. முன்போல எந்த மருந்துக்கடையிலும் கேட்டவுடன் கிடைக்குமென்றும் எண்ணவேண்டாம். போதைப்பொருள் செய்வோர் கையில் அது சிக்குவதால் சர்வதேசக் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள பொருள் அது. எதற்கு என்று கடைக்காரர் வினவினால் சினவாது விடை கூறுக.

அது கிடைக்காதோர்க்கும், பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வேண்டாதோர்க்கும் நமது நாட்டிலே குறைவா? காடு செய்ததையே நாமும் செய்யலாம். காடு பூசியது பெரிதும் பட்டைகளின் துவர். அத்துவர் தேயிலையில் நிறைய உண்டு. ஒரு லீற்றர் நீரில் ஐம்பது கிராம் தேயிலைத் தூளைப் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடித்து, ஆறியபின் தூரிகையாற் பலமுறை பூசினால், இளங்கபில நிறம் வரும். புள்ளிமான் கொம்புக்கு அது மிகவும் பொருந்தும். மரைக்கொம்பின் கருமை வேண்டுமாயின் கடுக்காயை நாடுக. கடுக்காய்க் கசாயத்தோடு அன்னபேதி சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை செய்தனர். துவரும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும் என்பதே அதன் சூத்திரம். கொம்பிலும் அவ்வாறே. கடுக்காய்க் கசாயத்தைப் பூசி உலரவிட்டு, துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் இரண்டு நாள் ஊறவைத்து வடித்த நீரை நன்றாக ஐதாக்கிப் பள்ளங்களில் மட்டும் மெல்லத் தடவினால் அவை கண்முன்னே கறுக்கும். அளவு மிஞ்சினால் மைக்கூட்டுக்குள் விழுந்த கொம்புபோல நீலங்கலந்து கறுத்துவிடும். தேயிலைச் சாயம் கொண்டீஸ் சாயம்போல் நீடிப்பதில்லை. வெயில் பட்டால் மீண்டும் வெளிறும். ஆனால் கையையும் கண்ணையும் பிள்ளையையும் அது வருத்தாது. எந்த முறை மேல் என்று கேட்டால், அருமையான பழங்கொம்புக்குத் தேயிலையும், பட்டப்பகல் வெளிச்சம் விழும் விறாந்தைக் கொம்புக்குக் கொண்டீஸும் என்போம்.

சிலர் சப்பாத்துப் பொலிஷைத் தேய்த்துவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது ஒரு வழி. மழைக்காலத்தில் தொட்டால் கையில் ஒட்டும், தூசியையும் பிடித்து வைத்திருக்கும். வார்னிஷ் பூசுதல் அதனினும் கேடு. மின்விளக்கின் கீழ் அது சீனிப்பாகு பூசிய பலகாரம்போலத் தோன்றும். பின்னர் மஞ்சளித்து உரியத் தொடங்கினால் நீக்குவதும் அரிது. சாயம் முற்றாக உலர்ந்தபின், சிறிது தேன்மெழுகை டர்பன்டைனில் இளக்கி மிக மெல்லிதாகத் தடவி, ஒரு மணி நேரம் கழித்து மென்துணியால் தேய்த்தால் கொம்புக்கு அடக்கமான ஒளி வரும். மெழுகை இளக்கும்போது அடுப்பில் நேரே வைக்காமல், சூடுநீர்ப் பாத்திரத்துள் பேணியை வைத்து, நெருப்பை அணைத்தபின் டர்பன்டைனை ஊற்றுக. ஆச்சியின் கணவர் பூசிய தேங்காயெண்ணெயும் தவறன்று. ஆனால் மிகுந்தால் சிக்கு வாடை வரும், எறும்பும் வரும்.

அரும்பொருட்சாலைக்காரர் இவ்வளவையும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கொம்பு இருந்தபடியே இருக்கவேண்டும், செய்வது எதுவாயினும் பின்னொருநாள் நீக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் நெறி. கொண்டீஸ் எலும்பைத் தாக்கி நிறமூட்டுவது. அதை முழுவதும் திரும்பப் பெற இயலாது. ஆதலால், பழமையான சாசனம்போன்ற கொம்பு, யார் எப்போது கொண்டுவந்தார் என்ற குறிப்புள்ள கொம்பு, செதுக்கு வேலைப்பாடுள்ள கொம்பு ஆகியவற்றில் வீட்டார் கைவைத்தல் தகாது. வெடித்து உதிரும் கொம்பும் அவ்வாறே. அதற்கு முதலில் வேண்டியது நிறமன்று, உறுதி. பரலொயிட் பி-72 என்னும் பிசினை அசற்றோனில் மிக ஐதாகக் கரைத்து ஊட்டி, உதிரும் மேற்பரப்பை இறுகச் செய்வது அரும்பொருட்சாலைகளில் உள்ள வழக்கம். அப்பிசின் துளைகளை அடைத்துவிடுவதால் அதன்பின் கொண்டீஸும் தேயிலையும் ஏறா. நிறம் வேண்டின் அதன்மேல் நீக்கத்தக்க வண்ணத்தையே தீட்டுவர். அசற்றோன் எளிதில் தீப்பற்றுவதால் இது கைதேர்ந்தோர் செய்யவேண்டிய வேலை.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. மானையும் மரையையும் வேட்டையாடுதல் குற்றம். தேசிய பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைப் பொறுக்கி வருவதும் ஆகாது. அது முள்ளம்பன்றிக்கும் மண்ணுக்கும் உரியது. திருகோணமலைக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் ஆடுமாடுபோல் உலவுவதைக் கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் கண்டிருப்பர். அங்கே காலடியிற் கொம்பு கிடந்தாலும் அது நமதன்று. பாட்டன் காலத்துக் கொம்பை விற்கவோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்பவோ எண்ணுவோர், பெட்டியைக் கட்டுவதற்கு முன் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளல் வேண்டும். வன்னிப் பேரன் அக்கொம்பைக் கனடாவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டான் என்பதையும், ஆச்சி சட்டத்தைக் கேளாமலே அதற்கு விடை சொல்லிவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நிறம் மீண்ட கொம்பை எங்கே மாட்டுவது என்பதே இனி எஞ்சியது. மேற்கு வெயில் விழும் சுவரை விலக்குக. அடுப்புப் புகை படும் இடமும், மழைச்சாரல் அடிக்கும் விறாந்தை ஓரமும் வேண்டா. சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை இடைவெளி விட்டால் பின்புறம் பூஞ்சணம் பிடிக்காது. மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையாற் தூசி தட்டினாற் போதும், ஈரத்துணி வேண்டியதில்லை. தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வழக்கமுள்ளோர், அடிக்கத் தொடங்குமுன் கொம்பைக் கழற்றி உள்ளறையில் வைத்துவிடுவார்களாக. பள்ளங்களிற் சொட்டி உலர்ந்த சுண்ணாம்பைத் தோண்டி எடுப்பது, சாயம் பூசுவதைக் காட்டிலும் நீண்ட வேலை.